முன்னோடி விவசாயியின் மனைவி

அவள் புருஷனுக்கு முன்னோடி விவசாயி என்று பட்டம் கொடுத்து, வயலோரத்தில் அவன் படம் போட்ட பலகையையும் நட்டுவிட்டுப் போனார்கள் வேளாண் துறைக்காரர்கள். படத்தில் ஆள் சட்டை கசங்காமல் சிரிக்கிறான். அந்தச் சட்டையைத் துவைத்தவளும், பலகைக்குப் பின்னால் ரெண்டரை ஏக்கரில் குனிந்த முதுகு நிமிராமல் கிடந்தவளும் ஒருத்திதான்.

மக்காச்சோளத்துக்கு நடுவே தட்டைப்பயறு போட்டால் மண்ணுக்கு நல்லது என்று வேளாண் அதிகாரி சொன்னார். நல்லதுதான், யார் இல்லையென்றது? முன்பெல்லாம் சோளம் மட்டும் இருக்கும். ஒருநாள் களைக்கொல்லி அடித்தால் வேலை தீர்ந்தது. இப்போது அடித்தால் சோளம் நிற்கும், பயறு செத்துப்போகும். கொடி காலைச் சுற்றுவதால் மண்வெட்டியும் போட முடியாது. கையால் பிடுங்க வேண்டும். இருபது நாள் வேலை. பயறு என்ற பேச்சை எடுத்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இந்த முறை அந்த இருபது நாள் அவளிடம் இல்லை. வெளியூரில் மகளுக்குப் பிரசவத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான். தலைப்பிரசவத்துக்கும் இதே களையால் அவள் போகவில்லை. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் தனியாகக் கிடந்த மகளுக்குப் பக்கத்துப் படுக்கைக்காரிதான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாளாம். "இந்தத் தடவையாவது வந்துடும்மா" என்று மகள் போனில் கெஞ்சினாள்.

"கூலிக்கு நாலு பேர வைங்க. நான் மககிட்ட போகணும்."

"நீ இருக்கும்போது ஆள் எதுக்கு?" என்றான் முன்னோடி. "வெள்ளிக்கிழமை வயல் பார்க்க வெளியூர்ல இருந்து வர்றாங்க. அதுக்குள்ள ரோட்டோரமாவது சுத்தமா இருக்கணும். மீதியையும் முடிச்சிட்டுப் போ."

அடப்பாவி! பெற்றவளுக்குத்தானே அடிவயிறு எரியும்?

திங்கட்கிழமை முன்னோடி, ஊடுபயிரின் பெருமையைப் பற்றிக் கூட்டத்தில் பேசப் போனான். அவள் கொட்டகையிலிருந்த தெளிப்பானை எடுத்தாள். களைக்கொல்லி மருந்தைக் கலந்து முதுகில் மாட்டி, பொழுது சாய்வதற்குள் ரெண்டரை ஏக்கரையும் அடித்து முடித்தாள். பயறு என்ன பாவம் செய்தது என்று ஒரு கணம் மனசு அடித்துக்கொண்டது. ஆனாலும் கை நிற்கவில்லை.

அந்த நாலு நாளும் முன்னோடி வயல் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை. என்றைக்குப் பார்த்தான், அன்றைக்குப் பார்க்க?

வெள்ளிக்கிழமை பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு அதிகாரி வந்தார். சோளம் பச்சைப்பசேலென்று நின்றது. அடியில் பயறு முறுக்கிச் சுருண்டு மஞ்சளாகக் கிடந்தது.

"ஏதோ நோய் சார்..." முன்னோடிக்கு நாக்குக் குழறியது.

"நோயும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான்தான் மருந்தடிச்சேன்." பையும் கையுமாக வரப்பில் நின்றாள் அவள்.

"உனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு?"

"ஆமா. களை பிடுங்கிப் பிடுங்கிப் பிடிச்சதுதான். மண்ணுக்கு நல்லதுன்னு சொன்னீங்களே சார், என் முதுகப் பத்தி ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

சொல்லிவிட்டு விறுவிறுவென்று பஸ்சுக்கு நடந்தாள்.

அதிகாரி குனிந்து ஒரு பயற்றுக் கொடியைத் தூக்கிப் பார்த்தார். பிறகு நோட்டைத் திறந்து முன்னோடியிடம் கேட்டார்: "இதுல களை எடுக்க மொத்தம் எத்தனை நாள் ஆகும்?"

முன்னோடி வாயைத் திறந்தான். அவனுக்குத் தெரியவில்லை. மனைவியைக் கேட்கலாமென்று திரும்பினான், பஸ் கிளம்பிவிட்டிருந்தது.