தளும்பாத மண்

விடுமுறை நாளிலும் ரோசம்மா ஐந்து மணிக்கே எழுந்துவிடுகிறாள். "பெரட்டுக்கு மணி அடிச்ச மாரியே இருக்குண்ணே" என்கிறாள். மலேசியாவில், ஆயர் தாவார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்க அடிக்கும் மணி அது. லண்டன் விடுதியில் அப்படி எதுவும் அடிப்பதில்லை. எழுந்ததும் ரொட்டிக்கு நடுவே நெத்திலி சம்பலைத் தடவிக் காகிதத்தில் சுற்றுகிறாள். இரண்டு கம்பளிச் சட்டை, மேலே ஒரு கோட்டு, கைப்பையில் கோடாலித் தைலம். இருபத்திரண்டு வயது, தாதிப் பயிற்சியில் இரண்டாம் ஆண்டு.

யாரைக் கண்டாலும் முதலில் அவர்களின் கைகால்களைத்தான் பார்ப்பாள். பேருந்தில் ஏறும் கிழவரைக் காட்டி, "எடது முட்டி போச்சு இவருக்கு. கம்பிய எந்தக் கையில புடிக்கிறாரு பாருங்க" என்று காதருகே சொல்வாள். என்னையும் விடுவதில்லை. "டிகிரி வாங்குன முதுகுல்ல, அதான் நிமிர மாட்டேங்குது." நான் அவளுக்குச் சொந்தமில்லை, லண்டனில் பழக்கமான ஈப்போக்காரன். வரலாற்றில் பட்டம் வாங்கி மேற்படிப்புக்கு இங்கே வந்தவன். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி. அந்த முதுகைப் பற்றி எனக்கும் சந்தேகம் உண்டு.

போன அக்டோபரில் ஓர் ஓய்வு நாளில், "போர் மியூசியம் போலாமாண்ணே?" என்றாள். காரணம் கைப்பையில் இருந்தது. அவள் அப்பா யேசுதாசன் எழுதிய கடிதம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றில் வீட்டுக்கு ஓர் ஆள் வேண்டும் என்று சப்பான்காரர்கள் தோட்டத்துக்கு வந்தபோது யேசுதாசனுக்குக் குளிர்காய்ச்சல். அண்ணன் மரியஜோசப் போனார். சயாமில் ரயில்பாதை போடப் போனவரிடமிருந்து ஒரு செய்தியும் வரவில்லை. ஒவ்வோர் ஆண்டும் கல்லறைத் திருநாளில் இறந்தவர்களுக்குப் பூசை கொடுக்கப் பெயர்கள் எழுதித் தரும்போது, யேசுதாசன் அண்ணன் பெயரை மட்டும் எழுதமாட்டார். உயிரோடு இருக்கிறவனுக்கு எப்படி அந்தப் பூசை? இந்த முறை மகளுக்கு எழுதிவிட்டார்: "நீ பெரிய நாட்டுல இருக்க. விசாரிச்சு சொல்லு. அண்ணன் பேரைக் குடுக்கலாமா, வேணாமா?"

கூரையிலிருந்து தொங்கிய விமானத்தையும் பீரங்கிகளையும் அவள் ஏறிட்டும் பார்க்கவில்லை. "இதெல்லாம் அப்புறம்லா." கிழக்கு நாடுகளின் போருக்கு உள்ளே ஒரு சிறிய அறைதான் இருந்தது. ஒரு தண்டவாளத் துண்டு, நசுங்கிய தகரக் குவளை, வெள்ளைக்காரக் கைதி ஒருவர் வரைந்த பென்சில் படங்கள். இருந்த பட்டியல்கள் எல்லாம் ராணுவத்தாருடையவை. அவள் ஒவ்வொரு வரியிலும் விரலை ஓட்டினாள். நம்மவர் பெயர் ஒன்றுகூட இல்லை. ஆறுதல் சொல்ல நான் சொற்களைத் தேடிக்கொண்டிருந்தபோது, ஒரு படத்தின் கண்ணாடியில் மூக்கு படும்படி நின்றுவிட்டாள். கீழே, "போர்க்கைதிகள் மண் சுமக்கின்றனர்" என்று எழுதியிருந்தது.

"அண்ணே, இவரு கைதி இல்ல. தோட்டத்து ஆளு."

காண்டாக் கம்பைத் தோளில் வைத்து, இரு முனையிலும் வாளி தொங்க, ஒருவர் வரிசையின் கடைசியில் வந்துகொண்டிருந்தார். "சீனரும் அப்படித்தானே தூக்குவாங்க?" என்றேன்.

"கம்ப விடுங்க. கையப் பாருங்க. முன்வாளிய ஆடாம புடிச்சிருக்காரு. மண்ணு தளும்புமாண்ணே? பால் தூக்கிப் பழகுன கை அது!"

தேர்வில் இந்த ரயில்பாதையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியவன் நான். என் அப்பாவும் இருபது ஆண்டு ரப்பர் பால் சுமந்தவர். அந்தக் கையை நான் ஏன் பார்க்கவில்லை?

அவள் அதற்குள் குறிப்பு தப்பு என்று சொல்லக் காவலாளியிடம் போய்விட்டாள். நரைத்த மீசைக்காரர். படம் வரைந்தவரே எழுதிய குறிப்பு அது என்று பணிவாகச் சொன்னார். "குடையக் குடுங்கண்ணே" என்று என் குடையை வாங்கித் தோளில் வைத்தாள். ஒரு முனையில் அவள் பை, மறுமுனையில் என் பை. பள்ளிக்குப் போகுமுன் அம்மாவுக்குப் பால் தூக்கிக் கொடுத்த தோள். கையை வீசிக்கொண்டு அறையின் குறுக்கே நடந்து, "மண்" என்றாள் ஆங்கிலத்தில். பிறகு முன்பையைப் பிடித்து, முழங்காலைத் தாழ்த்தி, சறுக்குவதுபோல் ஓடிவந்தாள். "பால்!"

"குடை ஒடிஞ்சிரும் ரோசம்மா."

"ஒடிஞ்சா ஒடியட்டும்லா, மழையா பெய்யுது இங்க?"

காவலாளி படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், உள்ளே போய் ஓர் அதிகாரி அம்மையாரை அழைத்துவந்தார். அவருக்காக இன்னொரு நடை. அந்த அம்மையார் சிரிக்கவில்லை. குறிப்பை மாற்றுவது பற்றி மேலிடத்துக்கு எழுதுவதாகவும், அவள் சொன்னதையும் கோப்பில் சேர்ப்பதாகவும் சொன்னார். தோட்டத்திலிருந்து போனவர்களில் தெரிந்தவர் யாராவது உண்டா என்று கேட்டு, ஓர் அச்சிட்ட தாளை நீட்டினார்.

பெயர், ஊர், போன ஆண்டு. மளமளவென்று எழுதினாள். அடுத்த கேள்வியில் பேனா நின்றது. திரும்பினாரா, இறந்தாரா?

"படத்துல இருக்கறது பெரியப்பாவா இருக்குமாண்ணே?"

"தெரியாதும்மா. சொல்ல முடியாது."

"இல்லாட்டியும் பரவால்ல. கூடப் போனவருதானே." படத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். "முப்பத்தாறு வருசம். உயிரோட இருந்தா காய்ச்சல்ல கெடந்த தம்பிய வந்து பாக்காமலா இருப்பாரு? அப்பாவுக்கு இன்னைக்கே எழுதிர்றேன். பேரைக் குடுக்கட்டும்."

'இறந்தார்' என்பதற்கு நேரே சரிக்குறி போட்டாள். கடைசிக் கட்டத்தில், எழுதுபவருக்கு அவர் என்ன உறவு என்று கேட்டிருந்தது. "அப்பாவோட அண்ணன்னு எழுது" என்று எடுத்துக்கொடுத்தேன். கல்யாணம் ஆகாமல் போனவர்; பிள்ளை குட்டி இல்லை.

ரோசம்மா என்னைப் பார்க்கவில்லை. தாளை நேராக்கி, ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பெரிய ஆங்கில எழுத்துகளில் 'மகள்' என்று எழுதினாள்.