சேனல் யார் பெயரில்

இத்தனை வருடம் கழித்தும் அதை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஒரு அரட்டைச் சேனலுக்காகவா இவ்வளவு கோபம் என்று என் கணவர் கேட்பார். ஆமாம், அதற்காகத்தான்.

அப்போது எங்கள் வீடு கடலூர் திருப்பாதிரிப்புலியூரில். கணிதம் படித்துவிட்டு ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்தார்கள். வருகிறவர்கள் கேசரி தின்றுவிட்டு, போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று கிளம்புவார்கள். இலவச மென்பொருள்களைத் தமிழாக்கும் ஓர் இணையக் குழுவில் நான் சேர்ந்தது அந்த நாட்களில்தான். மெனுவில் வரும் சொற்களுக்குத் தமிழ் தேடுவோம். எல்லாம் மின்னஞ்சலில் நடந்ததால் ஒரு சொல்லை முடிவு செய்வதற்குள் எல்லோருக்கும் சலித்துவிடும். உடனுக்குடன் பேச ஓர் இடம் வேண்டும் என்று ஐ.ஆர்.சி. என்ற இணைய அரட்டையில் சேனல் திறந்தது நான்தான். அதில் வெறும் எழுத்துதான் ஓடும். படமும் கிடையாது, சத்தமும் கிடையாது.

ஆட்களைப் பழக்குவதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. வருவார்கள், வணக்கம் என்று அடிப்பார்கள், உடனே பதில் வராவிட்டால் ஓடிவிடுவார்கள். "எல்லாரும் வேல பாத்துகிட்டே உக்காந்திருப்பாங்க, கொஞ்சம் பொறுங்க" என்று ஒவ்வொருவருக்கும் போன் போட்டுச் சொன்னேன். கட்டளைக்கு முன்னால் சாய்கோடு போட வேண்டும். அதைப் போடாமல் வெளியேறும் கட்டளையை அடித்துவிட்டு, போய்விட்டதாக நினைத்துக்கொண்டு எங்கள் நடுவிலேயே இருந்தவர்களும் உண்டு. மெல்ல மெல்லச் சேனல் நிரம்பியது. அங்கே நான் சொன்னால் ஒரு சொல் நின்றது. வீட்டில் என் பேச்சு எதுவும் நின்றதில்லை.

ஆனால் கரண்ட் இருந்தால்தானே? ஆளில்லாத சேனலில் முதலில் நுழைகிறவர் பெயருக்கு முன்னால் @ குறி வரும். அவர்தான் ஆப்பரேட்டர், ஆப் என்போம். வம்பு செய்கிறவனை வெளியே தள்ள அவரால்தான் முடியும். அவர் இணைப்பு அறுந்தால் அந்த அதிகாரமும் போய்விடும். அந்த வருடங்களில் மின்வெட்டு ஊருக்கு ஒரு நேரம். கடலூரில் காலையில் போகும், அது திரும்பி வந்த பிறகு சிதம்பரத்தில் போகும். சிதம்பரம் தெற்கு வீதியில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தவர் ஒருவர் எங்கள் குழுவில் இருந்தார். எல்லோருக்கும் அண்ணா. எங்களுக்குக் கரண்ட் போனதும் யு.பி.எஸ். கத்தத் தொடங்கும். அது அடங்குவதற்குள் அண்ணாவுக்கு ஆப் கொடுத்துவிடுவேன். அங்கே கரண்ட் போகிற நேரத்துக்கு அவர் எனக்குத் திருப்பித் தருவார். மழையோ காய்ச்சலோ, இந்தக் கைமாற்றல் தவறியதில்லை. எங்கள் இருவருக்கும் அதில் ஒரு பெருமைகூட இருந்தது.

ஒருநாள் கரண்ட் வந்து உள்ளே போனேன். என் பெயருக்கு முன்னால் குறி இல்லை. அவர் தரவும் இல்லை.

"அண்ணா, ஆப்?" என்று அடித்தேன்.

"இனிமே அந்தத் தொல்லை வேணாம்மா. சேனல ரெஜிஸ்டர் பண்ணிட்டேன். கரண்ட் போனாலும் யாரும் புடுங்க முடியாது."

அப்படிப் பதிவு செய்யும் வசதி இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும். "யார் பேர்ல?" என்றேன்.

"என் பேர்லதான்."

சுற்றி இருந்தவர்கள் சூப்பர் அண்ணா, சூப்பர் அண்ணா என்று அடித்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாளே சிதம்பரத்துக்கு பஸ் ஏறினேன். வழியெல்லாம் பேச வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அவர் நாற்காலி போட்டார், டீ வாங்கி வரச் சொன்னார். மரியாதைக்கு ஒரு குறையும் வைக்கவில்லை.

"ஆரம்பிச்சது நான். என்னைய ஒரு வார்த்த கேக்கலியே அண்ணா?"

"நல்லதுக்குத்தாம்மா பண்ணேன். நாளைக்கு உனக்குக் கல்யாணம் ஆயிடும். வேற வீட்டுக்குப் போயிடுவ. அப்பறம் இத யார் பாக்கறது?"

எங்கள் வீட்டில் மனைப் பத்திரத்தை யார் பெயரில் எழுதுவது என்று பேச்சு வந்தபோது என் பெரியப்பா சொன்னதும் இதேதான். வார்த்தைகூட மாறவில்லை. நான் டீயைத் தொடாமல் எழுந்தேன்.

அன்று மாலையே சேனலில் எல்லோர் முன்னாலும் கேட்டேன். என் பெயருக்கு மாற்றிக் கொடுங்கள் என்றேன். அண்ணா பதில் போடவில்லை. நான் பொறுமையாக இருக்கப் பழக்கியவர்கள் எல்லோரும் பொறுமையாகவே இருந்தார்கள். கடைசியில் ஒருவன், "விடுங்கக்கா, சின்ன விஷயம்" என்றான். சின்ன விஷயம் என்றால் கொடுத்துவிட வேண்டியதுதானே, ஏன் ஒருத்தருக்கும் வாய் வரவில்லை? அதையும் அடித்தேன். நான் வெளியேறினேன். சாய்கோடு போட்டுத்தான்.

அடுத்த ஆண்டு குழுவின் கூட்டத்தில், சேனலை உருவாக்கியவர் என்று அவருக்குச் சால்வை போட்டார்களாம். புகைப்படத்தை எனக்கே அனுப்பினார்கள்.

எனக்கு மேல்பட்டாம்பாக்கத்தில் கல்யாணம் ஆனது. புகுந்த வீட்டில் டேட்டா கார்டு ஒன்றை வைத்துக்கொண்டு மொழிபெயர்ப்பை விடாமல் செய்தேன். அவ்வப்போது அந்தச் சேனலின் விவரத்தைக் கட்டளை போட்டுக் கேட்டுப் பார்ப்பேன். உரிமையாளர் என்று அவர் பெயர் வரும், வயிறு எரியும், மூடிவிடுவேன். இதற்குள் குழு மொத்தமும் ஃபேஸ்புக்குக்குப் போய்விட்டது. அண்ணாவும்தான். கல்யாணம் ஆனால் யார் பார்ப்பது என்று கேட்டவர் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. பதிவு செய்தவர் நெடுநாள் வராவிட்டால் பதிவு தானாக ரத்தாகிவிடும் என்பது அங்கே விதி.

2012இல் ஒரு மத்தியானம், இடுப்பில் குழந்தையோடு கேட்டுப் பார்த்தேன். பதிவு இல்லை என்று வந்தது. ஒற்றைக் கையால் பதிவு செய்யும் கட்டளையை அடித்தேன். உரிமையாளர் என்று என் பெயர் வந்தது.

உள்ளே ஒருவரும் இல்லை. யாருக்கும் வேண்டாம் என்று ஆன பிறகுதான் அதை என் பெயருக்கு விட்டார்கள்.