ஒன்பதே முக்கால் மணி நேரம்

"அசையாம நில்லுங்க. குண்டூசி குத்திடும்."

தையல் கடையில் சமையல்காரர் ஒருவர் ஸ்டூல் மேல் விறைப்பாக நின்றார். அவருடைய புது பேண்ட்டின் நீளத்தை அவள் மடித்துக் குறித்துக்கொண்டிருந்தாள். புதுத் துணி அவள் தைப்பதில்லை. பிறர் தைத்ததைச் சுருக்கித் தருவாள், பிரித்துத் தருவாள், ஜிப் மாற்றுவாள்.

"இன்னிக்கே வேணும்க்கா. ராத்திரி ஃப்ளைட். காலையில அங்க வேலைக்குச் சேரணும்."

எந்த ஊர் என்று கேட்டாள். அவர் சொன்னது, பதினோரு வருடமாக அவள் கணவன் கிரேன் ஓட்டும் ஊர்தான்.

"காலையிலயா? ரெண்டு நாள் ஆகுமே. எங்க வீட்டுக்காரர் நேத்து கிளம்பிட்டார். நாளைக்குத்தான் வருவார்."

"நடந்தா வர்றார்?" என்றார் சமையல்காரர். "ஏழாயிரத்து எண்ணூறு கிலோமீட்டர். நேரா ஒரே ஃப்ளைட், ஆறு வருசமா ஓடுது. இதோ பாருங்க."

டிக்கெட்டில் பயண நேரம் தனியாக அச்சாகியிருந்தது. ஒன்பதே முக்கால் மணி.

அவள் கணவன் விடுமுறைக்கு வந்த முதல் தடவை உண்மையிலேயே இரண்டு நாள் ஆனது. மூன்று விமானம் மாறி, முகம் வீங்கி வந்து சேர்ந்தான். அதன்பிறகு ஒவ்வொரு விடுமுறையிலும் இரண்டு நாள் பயணத்துக்கு என்று ஒதுக்கியாகிவிட்டது. வானத்தில் இருப்பவனைக் கூப்பிடுவானேன் என்று அவள் போன் செய்ததே இல்லை.

இப்போது செய்தாள். மணி அடித்தது. எடுத்தான்.

"எங்க இருக்கீங்க?"

"ஏர்போர்ட்ல. அடுத்த ஃப்ளைட்டுக்கு..."

அவன் பின்னால் யாரோ கதவைத் தட்டி, "சார், டீ கொண்டு வந்திருக்கேன்" என்றார்கள். நம்ம ஊர்த் தமிழில்.

"ஒன்பதே முக்கால் மணி நேரம்," என்றாள் அவள்.

 "இங்க இறங்கி லாட்ஜ்ல இருக்கேன்" என்றான்.

"யார் கூட?"

"யாருமில்ல. வேணும்னா வந்து பாரு."

"பின்ன எதுக்கு?"

"தூங்கறதுக்கு. அங்க ஒரு ரூமுக்கு எட்டுப் பேர். வீட்டுக்கு வந்தா நீ ஒண்ணு கேப்ப, அம்மா ஒண்ணு கேக்கும். நடுவுல ஒரு நாள் யாரும் என்னைக் கூப்பிடக் கூடாது. அவ்வளவுதான்."

"யாரும்னா, நானுமா?"

அவன் கதவைத் திறந்து டீயை வாங்கும் சத்தம் கேட்டது. அவன் பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.  தையல் மெஷின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொருத்தி இருந்திருந்தா வந்து சண்டையாவது போட்டிருப்பேன்," என்று சொல்லி போனை வைத்தாள்.

"அக்கா," என்றார் ஸ்டூல் மேலிருந்து சமையல்காரர், மெதுவாக. "நான் இறங்கலாமா?"

மறுநாள் காலை எட்டு மணிக்கு அவன் வந்தான். பெட்டியை வைத்துவிட்டுக் குளித்தான். பயணம் எப்படி இருந்தது என்று அவன் அம்மா கேட்டார். ரெண்டு நாளா ஒரே அலைச்சல் என்றான். அவள் தட்டு வைத்துப் பரிமாறினாள். ஒன்பதரைக்குக் கடையைத் திறந்தாள். நான்கு பேண்ட், ஒரு ஜிப். மதியம் சாப்பிட வீட்டுக்குப் போகவில்லை.