பாற்கடலுக்கு வெந்நீர்

1. ஐஸ் காணாமல் போன காலை

அடையாற்றில் நான் வேலை பார்க்கும் டாக்கி ஸ்டூடியோவின் லேபரட்டரிக்கு நாள்தோறும் காலையில் ஐஸ் பாளங்கள் வரும். மரத்தூளில் புதைத்து, சாக்குச் சுற்றி, மாட்டு வண்டியில் வரும். குடிப்பதற்கு அல்ல. பிலிமைக் கழுவும் டெவலப்பர் கரைசல் அறுபத்தைந்து டிகிரி பாரன்ஹீட்டில் நிற்க வேண்டும். நம் ஊரில் அது தானாக நிற்பதில்லை. ஆகவே, புதிதாக வேலைக்கு வரும் பெண்களிடம் நான் முதலில் சொல்லும் வரிசை இது: வந்ததும் ஐஸைப் பார், அடுத்துத் தெர்மாமீட்டரைப் பார், அதன் பிறகு மற்றவர்களுக்கு வணக்கம் சொல்.

நான் சேர்ந்த முதல் மார்கழியில் ஒரு நாள், லஸ்ஸிலிருந்து பஸ் பிடித்து வந்து பார்த்தால் ஐஸ் இல்லை. மரத்தூள் மட்டும் கிடந்தது. தரையில் ஓர் ஈரத் தடம் கொல்லைப் பக்கம் போயிற்று. அதன் பின்னாலேயே போனேன்.

கொல்லையில் ஒரு நீளமான சிமெண்ட் தொட்டி உண்டு. அந்த வாரம் அதுதான் பாற்கடல். சீமைச் சுண்ணாம்புத் தூளைக் கலந்து தண்ணீரை வெளுப்பாக்கியிருந்தார்கள். நடுவில் ஐந்து தலை ஆதிசேஷன். அதன் மேல் கிரீடத்தோடு மகாவிஷ்ணு படுத்திருந்தார். அவரைச் சுற்றி என் ஐஸ் மிதந்தது.

விஷ்ணு வேஷம் போட்டவர் நாடகக் கம்பெனியில் ராஜபார்ட்டாக இருந்த சுந்தரம். அவர் பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டிருந்தன.

“லேப் அம்மா, வந்தீங்களா? உங்க சரக்கு ரொம்ப நல்ல சரக்கு. கால் ரெண்டும் என்னுது தானான்னு தெரியல்லே.”

தொட்டிக் கரையில் டீத் தம்ளரோடு நின்றவர் கௌஸ் பாய். எங்கள் செட்டிங் மேஸ்திரி. திருவல்லிக்கேணிக்காரர். மலை, மாளிகை, பாம்பு எது கேட்டாலும் மூங்கிலிலும் காகிதக்கூழிலும் செய்து நிறுத்திவிடுவார். முந்தின நாள் பாற்கடலில் பனி மிதக்க வேண்டுமென்று சாம்பிராணிப் புகை போட்டிருக்கிறார். டாக்கியில் பாட்டை நடிகர் அங்கேயே பாட, அங்கேயே பதிவு செய்வார்கள். அநுபல்லவியில் விஷ்ணு இருமிவிட்டார். மறுபடி எடுத்தார்கள், மறுபடி இருமினார். சவுண்டு என்ஜினீயர் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

முதலாளி அன்றே பாயிடம் சொன்னது இவ்வளவுதான்: “நாளைக் கழிச்சுக் காலையிலே நான் வரும்போது பனி இருக்கணும், இருமல் இருக்கப்படாது. இல்லேன்னா வேற மேஸ்திரி பாத்துக்கறேன். சுந்தரம் அன்னிக்கே ரங்கூன் கப்பல் ஏறப்போறார். திரும்பி வர மாட்டார்.”

“குளிர்லதானேம்மா பனி வருது?” என்றார் பாய். “அதான் ஐஸ எடுத்துக்கினேன். கேக்காம எடுத்தது தப்புதான். ஆனா இன்னா பிரயோசனம், பாருங்க. ஒண்ணும் எழும்பல்லே.”

ஐஸ் கட்டிகளின் தலையில் மட்டும் விரல் உயரத்துக்கு ஏதோ வெளுப்பாக ஊர்ந்தது. மற்றபடி அது வெறும் தொட்டி. தெர்மாமீட்டரைத் தண்ணீரில் விட்டேன்: ஐம்பத்தெட்டு. காற்றில் பிடித்தேன்: எழுபத்திரண்டு.

“பாய், கையிலே இருக்கிற டீயைப் பாருங்கோ. ஆவி வரதா?”

“வருது.”

“மத்தியானம் இதே டீ குடிச்சா இவ்வளவு தெரியுமா?”

அவர் யோசித்தார். “தெரியாது. ஆனா சூடு அதே சூடுதான்.”

“டீ மாறல்லே, காத்து மாறிடுத்து. தண்ணி சூடா இருந்தாத்தான் ஈரம் நிறையக் கிளம்பும். மேலே காத்து குளுந்து இருந்தாத்தான் அந்த ஈரம் கண்ணுக்குத் தெரியற பனியா மாறும். நீங்க தலைகீழாப் பண்ணிண்டிருக்கேள். தண்ணி குளுந்தா ஈரமே கிளம்பாது. மேலே இருக்கிற காத்தும் குளுந்து, கனத்துப்போய் அப்படியே படுத்துடும்.”

குளிர்ந்த கடலின் மேல் வெதுவெதுப்பான ஈரக் காற்று வந்தாலும் பனி உண்டாகும் என்று நான் காலேஜில் படித்திருந்தேன். ஆனால் அதற்குக் காற்று கடலை மைல்கணக்கில் தடவிக்கொண்டு வர வேண்டும். எங்கள் கடல் நாற்பது அடி.

பாய் டீயைக் குடிக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “பாற்கடலுக்கு வெந்நீர் போடணும்ங்கிறீங்க,” என்றார்.

“நான் குளிரிலே செத்தப்புறம் போடாதீங்க, நைனா,” என்றார் விஷ்ணு.

2. ஆதிசேஷன் தலை சாய்ந்தது

மறுநாள், குறித்த காலையில் விடியுமுன்பே அப்பா என்னைக் கொண்டுவந்து விட்டார். ஆற்றங்கரைக் குப்பத்திலிருந்து வரும் முனுசாமி ராத்திரியிலிருந்தே ஏழு அடுப்பு மூட்டி, ஏழு அண்டாவிலும் வெந்நீர் போட்டு ஊற்றிக்கொண்டிருந்தான். வெளிச்சத்துக்காக நேரம் குறித்திருந்தோம். சூரியன் தாழ இருந்து பின்பக்கமாக அடித்தால்தான் பனி காமிராவுக்குப் பளிச்சென்று தெரியும். மேலே ஏறிவிட்டால் காற்றும் சூடாகிவிடும், பனியும் போய்விடும்.

வெந்நீரை ஊற்ற ஊற்ற நான் கலக்கிப் பார்த்துக்கொண்டே வந்தேன். தொண்ணூறு. நூறு. நூற்றிப் பத்து. அந்த இடத்தில் நிறுத்தச் சொன்னேன்.

தொட்டி முழுக்கப் பனி எழுந்தது. திரித்திரியாகக் கிளம்பி, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, ஆதிசேஷனின் உடம்பைச் சுற்றி நகர்ந்தது.

“அட, இன்னாடா இது,” என்றான் முனுசாமி. “நெசமாலுமே வைகுண்டம் மாரி கீது.”

சுந்தரம் தண்ணீரில் காலை விட்டுப் பார்த்துவிட்டு, “இந்தப் பதவிய நான் விடறதா இல்லே,” என்று சொல்லிப் படுத்துக்கொண்டார். ஒத்திகைக்குப் பாட ஆரம்பித்தார். இருமல் இல்லை. சவுண்டு என்ஜினீயர் தலையை ஆட்டினார். பாய் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் வேலைக்கு வந்த பிறகு என்னைப் பார்த்து அங்கே ஒருவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

பாட்டின் நடுவே சுந்தரம் நிறுத்தினார்.

“பாய், உங்க பாம்பு காதுல வந்து என்னமோ சொல்லுது.”

ஆதிசேஷனின் நடுத்தலை அவர் தோளில் சாய்ந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இடப்பக்கத் தலை ஒன்றும் குனிந்தது. காகிதக்கூழை ஒட்டியிருந்தது வஜ்ரப் பசை, தச்சர்கள் காய்ச்சி ஊற்றும் அதே பசை. குளிர்ந்த தண்ணீரில் அது கல்லாக நிற்கும். வெந்நீர் பட்டால் மறுபடி பசையாகிவிடும்.

பாய் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கினார். இரண்டு கையாலும் நடுத்தலையைத் தாங்கிப் பிடித்தார். “முதலாளி வர்ற நேரம்மா,” என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. “தண்ணிய ஆத்தினா பாம்பு நிக்கும், பனி பூடும். ஆத்தாட்டி பனி நிக்கும், பாம்பு பூடும். எது இல்லாட்டியும் நானு வூட்டுக்குத்தான்.”

நான் மனதுக்குள் வரிசைப்படுத்தினேன். தண்ணீரின் சூட்டைக் குறைத்தே ஆக வேண்டும். பனி எழுவது தண்ணீருக்கும் காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. ஒருபக்கத்தைக் குறைக்கும்போது மறுபக்கத்தையும் குறைத்துவிட்டால் போதும். காற்றைக் குளிர வைக்க என்ன இருக்கிறது?

“முனுசாமி, கிணத்துத் தண்ணி ஊத்து. நான் போதும்னு சொல்ற வரைக்கும். மத்தவாள்லாம் லேபுக்குப் போய் இன்னிக்கு வந்திறங்கின என் ஐஸைக் கொண்டு வாங்கோ.”

“மறுபடியும் ஐஸா?” என்று விஷ்ணு எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

“உங்க மேலே இல்லை. தண்ணியிலே ஒரு துண்டுகூட விழப்படாது. பாறைக்குப் பின்னாடி உசரமாப் பலகை போட்டு அது மேலே வைக்கணும்.”

காகிதப் பாறைகளுக்குப் பின்னால், தொட்டி விளிம்பை ஒட்டிப் பலகை போட்டு ஐஸ் பாளங்களை அடுக்கினார்கள். காற்று அடித்துக் கலைக்காமல் இருக்க, வெயிலை மறைக்காத உயரத்துக்கு மூன்று பக்கமும் சாக்குப் படுதா கட்டச் சொன்னேன். பாய் பாம்பின் தலைகளை நிமிர்த்தி, உள்ளே மூங்கில் சிம்பு செருகி, பின்பக்கம் சணலால் கட்டினார். தண்ணீர் தொண்ணூற்றிரண்டுக்கு வந்ததும் முனுசாமியை நிறுத்தச் சொன்னேன். அதற்குள் தொட்டி மேல் பனி கிட்டத்தட்ட இல்லை. நுழைவாயிலில் முதலாளியின் கார் ஹாரன் கேட்டது.

ஐஸ் பட்டுக் குளிர்ந்த காற்று கனமானது, கீழேதான் இறங்கும். பாறை இடுக்குகள் வழியாக அது வழிந்து தண்ணீரைத் தொட்ட இடத்தில் முதலில் ஒரு கோடு வெளுத்தது. கோடு அகன்றது. என் கையிலிருந்த தெர்மாமீட்டர் தண்ணீருக்கு மேலே அறுபதைக் காட்டியது. இந்தப் பனி முன்பு போல உயரமாகக் கிளம்பவில்லை. முழங்கால் உயரத்தில் பரவி, பாம்பைச் சுற்றி மெதுவாக நகர்ந்தது. முந்தியதைவிட அதுதான் கடல் மாதிரி இருந்தது.

முதலாளி வந்து நின்றார். காமிரா சுழன்றது. சுந்தரம் பல்லவி, அநுபல்லவி, சரணம் மூன்றையும் ஒரே டேக்கில் பாடி முடித்தார். ஐந்து தலைகளும் நிமிர்ந்தே இருந்தன.

3. போட்டுப் பார்த்த நாள்

அன்று ஐஸ் தீர்ந்ததால் நெகடிவைக் கழுவ மறுநாளாயிற்று. கழுவியது நான்தான். ஈரம் காய்ந்ததும் பிரிண்ட் போட்டு, சிறிய தியேட்டரில் எல்லோரும் பார்த்தோம். விளக்குப் போட்டதும் முதலாளி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

இப்போது எனக்குக் கீழே இரண்டு பெண்கள் வேலை செய்கிறார்கள். அவர்களுக்கு ஆளுக்கு இரண்டு தெர்மாமீட்டர் கொடுத்திருக்கிறேன். ஒன்று கரைசலுக்கு, ஒன்று அறைக்கு. தண்ணீர் எவ்வளவு என்று மட்டும் கேட்டால் பாதிக் கேள்விதான் கேட்டிருக்கிறோம். அதன் பக்கத்தில் இருப்பது எவ்வளவு என்றும் கேட்க வேண்டும். அந்த வேலையில் நான் கற்றது அதுதான்.

அன்றைக்கு முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, “மேஸ்திரி, அடுத்த படத்திலே கைலாசம் வருது,” என்றார். பாய் எழுந்து நின்றார். அடுத்த படம் என்ற வார்த்தை அவர் காதில் விழுந்ததை நான் பார்த்தேன்.

“அது பனி மலை. பூராக் குளிர்ச்சி. அதுக்கு இந்த வெந்நீர், அடுப்பு, விறகெல்லாம் வேண்டியிருக்காது, இல்லையா?”

“அதுக்கு இன்னும் நாலு அண்டா கூட வேணும், சார்,” என்றார் கௌஸ் பாய்.