கோபுரம் போட்ட கேசட்

எனக்கு அந்தக் காலத்தில் தலைக்கனம் கொஞ்சம் அதிகம். திருச்சியில் பாலக்கரைப் பக்கம் ஓர் அச்சகத்தில் வேலை பார்த்தேன். ஊதுபத்தி, அப்பளம், சீயக்காய்த்தூள் என்று எது வந்தாலும் அதன் அட்டைக்கு என்ன படம் போடலாம், என்ன வாசகம் எழுதலாம் என்று பார்த்துச் சொல்வது நான்தான். என்னைக் கேட்காமல் முதலாளி ஒரு லேபிளைக்கூட மெஷினுக்கு அனுப்ப மாட்டார். நான் வைத்திருந்த பரீட்சை ரொம்ப எளிது. அட்டையை அலமாரியில் நிறுத்திவிட்டுப் பத்தடி தள்ளிப் போய் முதுகைக் காட்டி நிற்பேன். பிறகு சட்டென்று திரும்புவேன். முதல் பார்வையில் எது கண்ணில் விழுகிறதோ அதுதான் விற்கும், மற்றதெல்லாம் வீணான மை. இதைக் கேட்டவர்களிடமும் சொல்வேன், கேட்காதவர்களிடமும் சொல்வேன்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு நாள் என் தம்பியின் சிநேகிதன் அச்சகத்துக்கு வந்தான். ஸ்ரீரங்கத்துக்காரன், துவாக்குடியில் இன்ஜினியரிங் படித்து முடித்தவன். எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் கேக்கில் முட்டை இருக்கிறதா என்று வருடா வருடம் கேட்டுவிட்டு, நாங்கள் பதில் சொல்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவான். அவன் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு செய்திருந்தான். டி.வி.யோடு இணைக்கிற சின்னக் கம்ப்யூட்டர்கள் அப்போதுதான் அங்கொன்றும் இங்கொன்றுமாக வர ஆரம்பித்திருந்தன. விளையாட்டெல்லாம் சாதாரண கேசட்டில்தான் இருக்கும். அதில் பதிந்திருக்கிற சத்தம் கம்ப்யூட்டருக்கு மட்டும்தான் புரியும், டேப் ரெக்கார்டரிலிருந்து ஒரு ஒயர் போட்டு கம்ப்யூட்டருக்குள் ஏற்ற வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து அவன் வீட்டுக்குப் போய் விளையாடியும் பார்த்தேன். ஸ்ரீரங்கம் கோயில் மாதிரியே ஒன்றுக்குள் ஒன்றாக ஏழு சுற்று வீதிகள். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பூட்டிய வாசல். சாவியைத் தேடி எடுத்து உள்ளே உள்ளே போக வேண்டும். கறுப்பு வெள்ளை டி.வி.யில் நான் ஒரு சின்னக் கட்டம், அவ்வளவுதான். ஆனால் நாலாவது வாசலில் மாட்டிக்கொண்டபோது எனக்கு நிஜமாகவே வியர்த்தது. அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றும் சொல்லிக்கொடுக்காமல் சிரித்துக்கொண்டிருந்தான். இவனுக்கு இதைத் தவிர வேறு வேலை கிடையாது என்று எனக்கு அன்றே தோன்றியது.

அவன் அப்பாவுக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு தொழிற்சாலையில் சொல்லி வேலைக்கு ஏற்பாடு செய்துவிட்டார். பொங்கல் வரைக்கும்தான் பார்ப்பேன், அப்புறம் மரியாதையாக வேலைக்குப் போக வேண்டும் என்று கெடு வைத்தார். மெட்ராஸில் கம்ப்யூட்டர் விற்கிற ஒருவர், உங்கள் ஊரிலேயே இருபது கேசட் போகட்டும், மேற்கொண்டு சேர்ந்து செய்யலாம் என்று சொல்லியிருந்தார். இருபது கேசட் போனால் அவன் இந்த வேலையிலேயே இருப்பான், போகாவிட்டால் பேன்ட்டில் சட்டையைச் செருகிக்கொண்டு காலை பஸ் பிடிப்பான். அதனால்தான் அட்டையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தான்.

அட்டையை அவனே வரைந்திருந்தான். கிராஃப் தாளில் கறுப்புக் கோட்டில் ஏழு சதுரங்கள், ஓரத்தில் ஒரு புள்ளி. பத்தடி தள்ளி நின்று திரும்பிப் பார்த்தேன். கொத்தனாருக்குக் கொடுக்கிற பிளான் மாதிரி இருந்தது. அப்படியே அவனிடம் சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவே. எழுத்துக் கோக்கிற கம்பாசிங் பகுதியிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

எங்கள் ஓவியரைக் கூப்பிட்டு ராஜகோபுரம் போடச் சொன்னேன். அது அப்போதுதான் கட்டி முடிந்திருந்தது, ஊரே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. பின்னால் விடிகாலைச் சிவப்பு, ஒரு மூலையில் கிளி, மேலே சங்கும் சக்கரமும். பின்பக்க வாசகத்தை நானே எழுதினேன். 'ஏழு சுற்றும் கடந்து வாருங்கள், உள்ளே ஒளி காத்திருக்கிறது' என்று ஆரம்பிக்கும். எழுதியதும் எனக்கே சிலிர்த்தது. அவன் எழுதிக்கொண்டு வந்த காகிதத்தில் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வரி இருந்தது. இது பாட்டு கேசட் அல்ல, கம்ப்யூட்டரில் மட்டும் போடவும் என்று. சிவப்புப் பேனாவால் அதன் குறுக்கே ஒரு கோடு இழுத்தேன்.

"அக்கா, அந்த வரி மட்டும் இருக்கட்டுமே," என்றான். "தெரியாம யாராவது சும்மா டேப் ரெக்கார்டர்ல போட்டுட்டா காது கிழிஞ்சுடும்."

"கம்ப்யூட்டர்னு மேலயே போட்டா பாதிப் பேர் கையால தொட மாட்டாங்க. வாங்கினவங்க உள்ள இருக்கற காகிதத்தைப் படிச்சுக்கட்டும்."

காகிதத்தை மடித்து என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அவன், நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் என்றான்.

மார்கழியில் சித்திரை வீதியில் ஒரு கேசட் கடையில் இருபத்தைந்தைக் கொடுத்து வைத்தான். திருச்சியில் கேசட் விற்கிற இடம் என்றால் பாட்டுக் கடைதானே. வைகுண்ட ஏகாதசிக் கூட்டம். ஐந்தே நாளில் இருபத்தொன்று போய்விட்டது. அவன் சைக்கிளை மிதித்துக்கொண்டு காவிரிப் பாலம் தாண்டி அச்சகத்துக்கே வந்து சொன்னான். எல்லாருக்கும் காபி வரவழைத்தேன். என் பத்தடிப் பரீட்சை எப்படி என்று முதலாளியிடம் பீற்றிக்கொண்டேன். அவன் அன்றைக்கே மெட்ராஸுக்கு எழுதிப் போட்டான், அப்பாவிடமும் சொல்லிவிட்டான். ஸ்ரீரங்கத்தில் இருபத்தொரு கம்ப்யூட்டர் எங்கே இருக்கிறது என்று எங்களில் ஒருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த வாரம் கடைக்காரர் ஆள் அனுப்பினார். அவன் என்னையும் கூட்டிக்கொண்டு போனான். கடை வாசலில் நின்றபோதே எனக்குப் புரிந்துவிட்டது. கடைக்காரரும் அட்டையைப் பார்த்து எங்கள் கேசட்டைப் பாசுரங்களுக்கும் சுப்ரபாதத்துக்கும் நடுவில் வைத்திருந்தார். கூட்டத்தில் பத்தடி தள்ளி நின்று பார்த்தவர்களுக்கு, நான் எதைக் காட்ட நினைத்தேனோ அது மிகச் சரியாகத் தெரிந்திருக்கிறது. விடிகாலையில் கோலம் போட்டுவிட்டு வந்து கேசட்டைப் போட்ட வீடுகளில் எல்லாம் தகரத்தைக் கிழிப்பது போல ஒரு கிறீச்சல் கேட்டிருக்கிறது. கடைக்காரருக்கு வேறு கேசட் மாற்றிக் கொடுத்து மாளவில்லை. திரும்பி வந்தவற்றை ஒரு கூடையில் போட்டு வைத்திருந்தார்.

நாங்கள் நிற்கும்போதே ஒரு பெண்மணி கேசட்டோடு வந்தார். அவன் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருப்பவர். அவர் சண்டை போடவில்லை, போட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். மாமனார் படுத்த படுக்கையாக இருக்கிறாராம். தினமும் கோயிலைச் சுற்றி வந்தவர், இந்த வருடம் ஏகாதசிக்குப் போக முடியவில்லை. பெருமாள் பாட்டாவது கேட்கட்டும் என்று இதை அவர் காதோரம் வைத்துப் போட்டிருக்கிறார்கள். அன்றிலிருந்து டேப் ரெக்கார்டரை எடுத்தாலே கையை உதறிக்கொண்டு நடுங்குகிறாராம்.

"இதுல எழுதினது யாரு?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்கு நேரம் இருந்தது. அதை நான் மறைக்க விரும்பவில்லை, நிறையவே நேரம் இருந்தது.

"நான்தான் மாமி," என்றான் அவன்.

"படிச்சவன்தானே நீ? இது பாட்டு இல்லேன்னு ஒரு வரி போட்டிருக்கப்படாதா?"

"போட்டிருக்கணும் மாமி. தப்புதான்."

நான் பக்கத்தில் நின்றேன். கைப்பையின் பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு, கூடையைப் பார்த்துக்கொண்டு, வழிப்போக்கர் மாதிரி நின்றேன். அவன் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. மீதி இருந்ததையும் கூடையில் கிடந்ததையும் பொறுக்கி ஒரு துணிப்பைக்குள் போட்டுக்கொண்டான். மெட்ராஸுக்கு, விற்றது எல்லாம் திரும்பி வந்துவிட்டது என்று எழுதிவிடப் போவதாகச் சொன்னான். பொங்கல் கழித்து வேலையில் சேர்ந்துவிட்டான் என்று பிறகு தம்பி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அன்று டவுன் பஸ் நிற்கிற இடம் வரைக்கும் வந்து என்னை ஏற்றிவிட்டான். உட்கார இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, போயிட்டு வாங்க அக்கா என்றான். எனக்கு அழுகையாக வந்தது, வெட்கமாகவும் இருந்தது. பஸ் பாலத்தில் ஏறியதும் டிக்கெட்டுக்குச் சில்லறை எடுக்கப் பையைத் திறந்தேன். அவனுடைய பழைய காகிதம் அதற்குள்தான் கிடந்தது. என் சிவப்புக் கோட்டுக்கு அடியில் அந்த வரி நன்றாகத் தெரிந்தது. பத்தடி தள்ளி நின்றாலும் படிக்க வரும்படி, கொட்டை கொட்டை எழுத்தில் எழுதியிருந்தான்.