டிப்போ வாசல் வரைக்கும்

பஸ் டிரைவருக்கு மாரடைப்பு வந்தது, அடைப்பை எடுத்தார்கள், "நல்லாயிட்டீங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். அதோடு ரெண்டு வருஷம் போய்விட்டது. நல்லாகிவிட்டதை அவர்தான் நம்பவில்லை. பகலெல்லாம் சோபாவில் சாய்ந்து நாடியைப் பிடித்துப் பார்ப்பார். குக்கர் எத்தனை விசில் விட்டது என்பதற்கெல்லாம் சண்டைக்கு வருவார். துணிக்கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வரும் மனைவி வாயே திறக்க மாட்டாள். கத்தினால் அவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம்.

வாரம் தவறாமல் அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போவதும் அவள்தான். ஒரு வாரம் கழுத்து வலி, மறு வாரம் காது அடைப்பு. அங்கிருந்த டாக்டரம்மா அவர்கள் மகள் கைக்குழந்தையாக இருந்த நாளிலிருந்து அந்த வீட்டைப் பார்த்து வருகிறவர். ஒரு நாள் அவர் மருந்து எழுதாமல் பேனாவை மூடி வைத்தார்.

"டிரைவர், காலையில எப்ப எழுந்திரிக்கிறீங்க?"

"எழுந்து என்னம்மா பண்ணப்போறேன்? இப்ப நான் டிரைவரா என்ன?"

"பஸ் ஓட்டுறதுக்குத் தனி டெஸ்ட் இருக்கு, அதை அப்புறம் பார்ப்போம். வேலையே செய்யக்கூடாதுன்னு யார் சொன்னது?"

அவர் யோசித்தார். "யாரும் சொல்லல. செய்யச் சொல்லியும் யாரும் சொல்லலையே."

மனைவிக்குச் சுருக்கென்றது. பையைக்கூட அவர் கையில் தராமல் பிடுங்கி வைத்துக்கொண்டவள் அவள்தானே.

"அப்ப நான் சொல்றேன்" என்றார் டாக்டரம்மா. "தினம் டிப்போ வாசல் வரைக்கும் நடந்து போங்க. உள்ள போக வேணாம். பார்த்துட்டு வந்துடுங்க."

முதல் நாள் அவருக்குத் தெரியாமல் அவளும் பின்னாலேயே போனாள். மனுஷன் எதிர்ப்பக்கத்து மரத்துக்குப் பின்னால் நின்று, கடன்காரனைக் கண்டவர் மாதிரி எட்டி எட்டிப் பார்த்தார். சில நாளில் பழைய கண்டக்டர் ஒருவர் பார்த்துவிட்டு, கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போய் டீ வாங்கிக் கொடுத்தார். அன்று வீட்டுக்கு வந்தவர் குக்கரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அதற்குப் பிறகு, அவரைக் கேட்டுக்கொண்டு டாக்டரம்மாவே டிப்போ மேனேஜரிடம் பேசினார். பளு தூக்கக் கூடாது, ராத்திரி ஷிப்ட் கூடாது, இப்போதைக்கு அரை நாள் போதும். இவர் இனி வரவே மாட்டார் என்று நினைத்திருந்த மேனேஜர், பஸ் கிளம்புவதற்கு முன் பிரேக், டயர், விளக்கு பார்த்து அனுப்பும் வேலையைக் கொடுத்தார்.

வேலைக்குப் போன முதல் நாளே அவள் கடைக்குப் போன் வந்தது. நெஞ்சைப் பிடிக்கிறதாம், டிப்போ வேனில் கிளினிக்குக்குக் கொண்டுபோகிறார்களாம். அவள் செருப்பு மாட்டாமலே ஓடினாள். அவர் வியர்த்துப் படுத்திருந்தார். டாக்டரம்மா ஈ.சி.ஜி. எடுத்தார், காத்திருந்து இன்னொன்றும் எடுத்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"பதட்டத்துல எதுவும் இறங்கலம்மா. காபிதான், மூணு டம்ளர்."

"வாயுதான். உங்க இதயம் அதுபாட்டுக்கு ஒழுங்கா வேலை பார்க்குது. நீங்கதான் பாக்கி. ஏதாவது சாப்பிட்டுட்டு டிப்போவுக்குத் திரும்பிப் போங்க."

"இன்னைக்கேவா?"

"இன்னைக்கேதான். இப்ப வீட்டுக்குப் போனீங்கன்னா, நாளைக்கு அந்த வாசலை மிதிக்க மாட்டீங்க."

வேண்டாம் என்று சொல்ல மனைவிக்கு வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டு அவர் சட்டையை எடுத்து நீட்டினாள். "போயிட்டு வாங்க." அவர் அவளையே பார்த்தார், பிறகு அவள் வெறுங்காலைப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனை நாளாயிற்று அந்தச் சத்தத்தைக் கேட்டு! அவள் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலம் கிரீஸ் கையோடு வந்து வெள்ளைத் துண்டில் துடைத்தார். "கண்ணு தெரியலையா உங்களுக்கு?" என்று அவள் போட்ட சத்தம் பக்கத்து வீடுவரை கேட்டது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

அடுத்த மாதம் கிளினிக்குக்கு அவள் மட்டும் போனாள்.

"அவர் எங்க?"

"வேலை இருக்காம், வர நேரமில்லையாம். எனக்குத்தான் டாக்டரம்மா, முழங்கால் வலி. ரொம்ப நாளா இருக்கு."

"சொல்லவே இல்லையே!" என்று டாக்டரம்மா நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.