ஆயுதபூஜைக்காகச் சுத்தம் செய்யப்பட்ட கம்ப்யூட்டர்

“பொண்ணயா அனுப்பிகீறாங்கோ? கீபோர்டு தொடைக்க வந்துருக்கும்.”

கும்மிடிப்பூண்டியில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையின் கேட்டில் நான் கையெழுத்துப் போட்டபோது பின்னால் கேட்ட பேச்சு இது. திரும்பிப் பார்க்கும் தைரியம் எனக்கு அப்போது இல்லை. கம்ப்யூட்டர் சர்வீசில் இருக்கும் உங்களுக்குத் தெரியும்: நாம் போய்ச் சேருவதற்குள் அங்கே குற்றவாளி யாரென்று முடிவாகியிருக்கும்.

வெறும் பச்சை மேடு

அன்றைய குற்றவாளி ரெஹானா. பழவேற்காட்டிலிருந்து பஸ்ஸில் வரும் டிஸ்பாட்ச் கிளார்க்; வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஆயுதபூஜை லீவு முடிந்து வந்து, கம்ப்யூட்டரில் தன் பெயரில் உள்ளே நுழைந்திருக்கிறாள். அவள் ஃபைல் ஒன்றுகூட இல்லை. திரையில் விண்டோஸ் எக்ஸ்பியின் பச்சை மேடும் நீல வானமும் மட்டும் புதுசாகச் சிரித்தன.

வாசலில் சரக்கு ஏற்றிய லாரி. சோதனைச் சான்றிதழ்கள் இல்லாமல் அது கிளம்பாது. அவையெல்லாம் அவளுடைய ஃபைல்களில். மேனேஜர் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“அழிச்சது நீதானே? லோடு நின்னுச்சுன்னா நாளைலேர்ந்து வராதம்மா.”

ஆளுக்கொரு வைத்தியம்

சந்தனப் பொட்டு வைத்த சி.பி.யூ.வைச் சுற்றிக் கூட்டம். ஒருவர் வைரஸ் என்றார், இன்னொருவர் எல்லாவற்றையும் அழித்து ஃபார்மட் செய்யலாம் என்றார். ரெஹானா துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டே, “அக்கா, ஃபார்மட் மட்டும் வேணாம்கா” என்றாள். நானும் அதையே சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. பேசுவதை விட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு மவுஸைப் பிடித்தேன். ஃபைல்கள் கிடைக்காமல் எழுந்திருப்பதில்லை என்று முடிவு.

“இன்னா மேடம் பேஜாரு, ஒரு தபா ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கோ!” என்றது கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

ரேக் மாறிய சரக்கு

சி டிரைவில் ரெஹானா பெயரில் இருந்த ஃபோல்டர் அன்று காலையில்தான் பிறந்திருந்தது. பழையதைத் தேடினேன். டி டிரைவில், ‘பூஜா’ என்ற ஃபோல்டருக்குள் முழுசாகக் கிடந்தது. “இது யாரு வெச்சது?” என்று திரையைப் பார்த்தே கேட்டேன்.

ஸ்டோர்ஸ் மூர்த்தி சார் முன்னால் வந்தார். அந்தக் கம்ப்யூட்டரில் அவரும் வேலை செய்பவர். பூஜைக்கு முந்தின நாள் ரேக்கெல்லாம் துடைத்து அடுக்கியவர், சி டிரைவ் நிரம்பிவிட்டது என்று கம்ப்யூட்டர் சொல்லவே, அதிலும் இடம் ஒழித்திருக்கிறார்.

“நான் ஒண்ணும் அழிக்கலம்மா, எடம் மாத்தி வெச்சேன். ரேக்கு மாத்துனா சரக்கு காணாமப் பூடுமா?”

பழைய விலாசம்

பூடும் சார். விண்டோஸ் பழைய விலாசத்துக்குத்தான் போகும். அங்கே ஆளில்லை என்றால் புதிதாக ஒரு காலி வீடு கட்டிவிடும். காலி ஃபோல்டரின் பெயரை மாற்றி ஒதுக்கினேன். பழையதை டி-யிலிருந்து அதே இடத்துக்குக் காப்பி செய்தேன். ரெஹானா நுழைந்தாள். மறுபடியும் பச்சை மேடு.

“அவ்ளோதான்” என்றது கூட்டம். நான் எழவில்லை. டிரைவ் விட்டு டிரைவ் போய் வந்ததில், அந்த ஃபோல்டரைத் திறக்கும் உரிமை ரெஹானாவின் பெயரில் இல்லாமல் போயிருந்தது. அதைக் கொடுத்துவிட்டு, மெஷினை ஒருமுறை நிறுத்திப் போட்டேன். ஐகான்கள் வரிசையாக வந்து உட்கார்ந்தன.

சான்றிதழ்களைப் பிரிண்டரிலிருந்து உருவிக்கொண்டு ரெஹானா லாரியை நோக்கி ஓடினாள். மேனேஜரின் குரல் உள்ளேயிருந்து வந்தது: “இனிமே அந்தப் பொண்ண சிஸ்டத்துல ஒக்கார வெக்காதீங்க!”

மூர்த்தி சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். மேனேஜர் அறைக் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனார்.